புவியின் உள்ளடுக்குப் பெயர்கள்: அமைப்பும் உட்கூறும்

புவியின் உள்ளடுக்குப் பெயர்கள் இருவகைப்படும். எமில் வீகெர்ட் 1897இல் இரும்பு உள்ளகத்தைப் பாறையடுக்குச் சூழ்ந்திருப்பதாகக் கருதினார். அவ்வடுக்கிற்கு வழங்கும் 'மாண்டெல்' என்னும் செருமானியச் சொல் மேலங்கியைக் குறிப்பது, அமைப்பைச் சுட்டுவது. தமிழ்ப் பாடநூல்கள் இதனைக் 'கவசம்' என்கின்றன.

எடுவர்டு சூயஸ் 1909இல் வழங்கிய சல், சிமா, நிஃபே என்பன சிலிக்கான், அலுமினியம், மக்னீசியம், நிக்கல், இரும்பு ஆகியவற்றின் பெயர்ச்சுருக்கங்களால் ஆயவை, உட்கூற்றைச் சுட்டுவன. சல் பின்னர்ச் சியால் ஆயிற்று.

நிலநடுக்க அலை ஆய்வு மேலோட்டின் அடியெல்லையைத் தெளிவாக்கியபின், கடலடி மேலோட்டின் பசால்ட்டையும் அதன்கீழுள்ள பெரிடோட்டைட்டையும் பிரித்துக் காட்டாத சிமா ஆய்வுவழக்கிலிருந்து நீங்கியது. ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை அமைந்த அடுக்கிற்கு அமைப்புப்பெயரே நிலைத்தது.

எனவே சூயஸின் சிமாவைக் கவசம் எனப் பெயர்த்தல், அவர் வகுக்காத எல்லையை அவர்மேல் ஏற்றுவதாகும்.