கவரில் வந்த சித்தரத்தை

1988. கோவையில் விடுதியில் இருந்தேன். தொண்டை வீங்கி எச்சில்கூட விழுங்க முடியவில்லை. ஊரிலிருந்த அம்மாவுக்கு இன்லாண்ட் லெட்டர் போட்டேன். 1950-இல் வந்த அந்த நீலத்தாள்தான் விடுதிப் பிள்ளைகளின் குரல். கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே 1960-லேயே எஸ்.டி.டி. வந்துவிட்டது, எங்கள் தெருவுக்குப் போன் வரவில்லை. தந்தி கொடுக்கலாம்தான். ஆனால் தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று நடுங்கிய காலம். அம்மாவுக்கு அந்தப் பயத்தைக் கொடுக்க மனம் வரவில்லை.

ஏழாம் நாள் பதில் வந்தது. இன்லாண்டுக்குள் எதையும் வைக்கக்கூடாது என்பதால் கவர் வாங்கியிருந்தாள். உள்ளே நூல் சுற்றிய சித்தரத்தைத் துண்டு; தாளெல்லாம் அதன் கார வாசம். 'கல்லுப்பு போட்டுக் கொப்பளி. தலைக்கு ஊத்தாதே.' அதற்குள் காய்ச்சல் விட்டிருந்தது. ஆனாலும் அந்தத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டுதான் தூங்கினேன்.

போன மாதம் புனேயில் படிக்கும் மகளுக்கு அதே தொண்டை. வீடியோவில் டார்ச் அடித்துக் காட்டினாள். இருபுறமும் வெள்ளைத் திட்டு. "இப்பவே டாக்டரப் பாரும்மா" என்றேன். பத்து நாள் பென்சிலின் மாத்திரை. 1954-இல் அரசு தொடங்கிய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலை அவளுக்குப் பக்கத்துப் பிம்ப்ரியில்தான் இருக்கிறது. மூன்றாம் நாளே வலி போச்சு, நிறுத்தட்டுமா என்றாள். விடவில்லை. தினமும் இரவு எட்டரைக்குக் கூப்பிட்டு, அவள் மாத்திரையை விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.