தாது வருஷப் பஞ்சம் வெட்டிய வழி

சென்னப்பட்டணத்துக்குத் துறைமுகமே இல்லாத காலம். கப்பல்கள் கரையிலிருந்து வெகு தூரம் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நின்றன. சரக்கு மசூலா படகில் ஏறி, அலையில் பாதி நனைந்து கரை சேர்ந்தது. ஊருக்கு வேண்டிய விறகும் உப்பும் கடலோர மணலில் வந்தால் வண்டிச் சக்கரம் அச்சு வரை புதைந்தது. ஆனால் அந்த மணல்மேட்டுக்குப் பின்னால், கடலுக்கு இணையாக, உப்பங்கழிகள் விட்டுவிட்டுக் கிடந்தன. அவற்றை இணைத்தால் என்ன என்ற யோசனை யாருக்கோ வந்தது.

1801-ல் வேலை தொடங்கியது. அதைக் கையில் எடுத்து நடத்தியவர் பேசில் காக்ரேன், ஸ்காட்லாந்துப் பிரபுக் குடும்பத்தின் இளைய மகன். ஆங்கிலேயக் கடற்படைக்கு உணவுச் சரக்கு கொடுக்கும் காண்டிராக்டில் பெரும் பணம் சேர்த்தவர். 1806-ல் எண்ணூர் வரை 11 மைல் தண்ணீர்வழி திறந்தது. போகிற படகுக்கெல்லாம் சுங்கம். பிறகு காக்ரேன் லண்டன் திரும்பி, நீராவிக் குளியல் நிலையம் ஒன்றை அமைத்தார். இங்கே அவர் விட்டுப்போன வழி 1837-ல் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அதற்கப்புறம்தான் சிக்கல் ஆரம்பித்தது.

வடக்கே பழவேற்காடு தாண்டி ஆந்திரக் கரையோரமாக அந்தத் தண்ணீர்வழி நீண்டது. தெற்கே அடையாற்றில் தொடங்கி, கொட்டிவாக்கம், நீலாங்கரை, கோவளம் என்று கடலோர ஊர்களுக்குப் பின்புறமாக மாமல்லபுரத்தை நோக்கி இறங்கியது. நடுவே மட்டும் ஓர் ஓட்டை. வடக்கிலிருந்து வந்த படகு கூவத்தோடு நின்றது. தெற்கிலிருந்து வந்த படகு அடையாற்றோடு நின்றது. இடையில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர். வெறும் எட்டுக் கிலோமீட்டர். அதை வெட்டத்தான் ஆள் இல்லை, பணம் இல்லை.

பணம் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. ரயில்வே கம்பெனிகளில் பணம் போட்ட இங்கிலாந்துக்காரர்களுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வருமானம் உத்தரவாதம். நஷ்டம் வந்தால் இந்திய வருவாயிலிருந்து ஈடுகட்டப்படும். கோதாவரியில் அணை கட்டிய ஆர்தர் காட்டன், இந்த நாட்டுக்குத் தண்ணீரும் தண்ணீர்வழியுமே முதல் தேவை என்று ஓயாமல் வாதாடினார். யாரும் காது கொடுக்கவில்லை. பிறகு 1876 வந்தது.

அந்தத் தாது வருஷத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்தன. நெல் விலை எகிறியது. ரயில் இருந்த ஊரிலும் சாவு வந்தது. தண்டவாளம் தானியத்தைக் கொண்டுவந்து கொட்டியதைப் போலவே, விலை அதிகம் கிடைத்த இடத்துக்கு அள்ளிக்கொண்டும் போனது. மாயவரத்தில் எழுத்தாளர் வேதநாயகம் பிள்ளை சொந்தப் பணத்தில் கஞ்சித்தொட்டி திறந்தார். கிராமங்களைக் காலி செய்துகொண்டு பட்டணத்துக்கு நடந்த கூட்டத்தை எதிர்கொள்ள வேண்டியவர், வந்து ஓராண்டே ஆகியிருந்த புதிய கவர்னர்.

அந்தக் கவர்னர் முதலில் சரியான காரியம்தான் செய்தார். 30,000 டன் தானியம் வாங்க ஏற்பாடு செய்தார். வைஸ்ராய் லிட்டனுக்கு அது பிடிக்கவில்லை. தானிய வியாபாரத்தில் சர்க்கார் கை வைக்கக்கூடாது என்பது மேலிடத்தின் வேதவாக்கு. 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் மகாராணி விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினியாக அறிவித்துத் தர்பார் நடந்தது. அதே மாதம் சென்னை மாகாணத்தின் செலவைக் குறைக்க ஓர் ஆள் புறப்பட்டு வந்தார்.

அவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். மூன்று ஆண்டுகளுக்கு முன் பீகார்ப் பஞ்சத்தில் பர்மா அரிசியைத் தாராளமாக இறக்கி, ஏறக்குறைய யாரும் சாகாமல் காப்பாற்றியவர் இதே டெம்பிள்தான். அதற்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, வீண்செலவுக்காரர் என்ற கெட்ட பெயர். அதைக் கழுவிக்கொள்ளும் வாய்ப்பு இப்போது கிடைத்தது. நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையோடு சில்லறைக் காசு என்று வெட்டினார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு. வேலை கேட்பவர் உண்மையிலேயே பட்டினிதானா என்று சோதிக்க, வீட்டிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் உள்ள முகாமுக்கு நடக்கச் சொன்னார்கள். மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் பொறுக்கவில்லை. இந்த அளவைத் தின்று உழைக்கிற உடம்பு பிழைக்காது என்று எழுத்தில் கொடுத்தார். போராடிப் போராடிச் சில மாதங்களுக்குப் பின் கூலி கொஞ்சம் உயர்ந்தது. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள்.

அரைப் பட்டினியாக இருந்த இந்த ஜனங்களுக்கு வேலை என்று ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். பல ஆண்டுகளாகக் கிடப்பில் கிடந்த அந்த எட்டுக் கிலோமீட்டர் அப்போதுதான் அதிகாரிகளின் நினைவுக்கு வந்தது.

1877-ல் சேப்பாக்கத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே மண்வெட்டி இறங்கியது. உள்ளங்கை பிளந்தவர்கள் வெட்டினார்கள், கூடை தூக்கத் தெம்பில்லாதவர்கள் கூடை தூக்கினார்கள். கடலுக்கு அருகே தோண்டினால் சில அடியிலேயே ஊற்று பீறிடும். ஈரமண்ணின் கனம் இரட்டிப்பாகும். வெட்டிய குழியிலிருந்து கரைமேட்டுக்கு ஏறி, கொட்டிவிட்டு, திரும்ப இறங்க வேண்டும். தென்னிந்தியாவில் அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். கரை கட்டியவர்களில் அடுத்த அறுவடையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. 30 லட்சம் ரூபாய் செலவில் 1878-ல் கூவமும் அடையாறும் கைகோத்தன. ஆந்திரத்து டெல்டாவிலிருந்து புறப்பட்ட படகு, கடலைத் தொடாமல், பட்டணத்தை ஊடுருவித் தெற்கே போக முடிந்தது. இனி ஒரு பெயர் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

கவர்னரின் பெயரையே வைத்தார்கள். பக்கிங்காம் மற்றும் சாண்டோஸின் மூன்றாவது டியூக். லண்டன் அரண்மனைக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. இந்தியாவுக்கு வருமுன் இவர் லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் தலைவராகவும் இருந்தவர். ரயில்காரரின் பெயர் தண்ணீருக்கு வாய்த்தது. 1889-ல் அவர் இறந்தபோது ஆண் வாரிசு இல்லாமல் அந்த டியூக் பட்டமே மறைந்தது. கொட்டிவாக்கத்தின் மேற்கு விளிம்பில், பழைய மாமல்லபுரம் சாலைக்கு (ஓஎம்ஆர்) கிழக்கே, கறுத்த நீரும் ஆகாயத்தாமரையுமாகக் கிடக்கும் பக்கிங்காம் கால்வாயில் மட்டும் அந்தப் பெயர் நிலைத்தது. மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயர்கூட அதில் ஒட்டவில்லை.

கால்வாய் பிற்பாடு நன்றாகவே உழைத்தது. தெற்கே மரக்காணம் வரை எட்டி, மொத்தம் 420 கிலோமீட்டரானது. கோவளத்து உப்பு, ஸ்ரீஹரிகோட்டா விறகு, சுண்ணாம்புக் கிளிஞ்சல் எல்லாம் படகேறின. படகைக் கழியால் தள்ளினார்கள், கரையில் நடந்து கயிற்றால் இழுத்தார்கள். சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு நண்பர்களோடு இதில் போன பாரதிதாசன் அந்தப் பயணத்தையே ஒரு கவிதையாக்கினார். 1965, 1966 புயல்கள் கரைகளை உடைத்தன. லாரிகள் வந்தன. படகுகள் ஒதுங்க, சாக்கடை நுழைந்தது. 1990-களில் பறக்கும் ரயில் வந்தபோது தூண் நட நகருக்குள் காலி இடம் தேடினார்கள்.

கிடைத்த இடம் பஞ்சத்து ஜனங்கள் வெட்டிய அதே துண்டு. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் நெடுகிலும் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. நீர்வழி பல இடங்களில் வாய்க்காலாகச் சுருங்கியது. 2008-ல் நாடாளுமன்றம் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான நீர்வழியைத் தேசிய நீர்வழி எண் 4 என்று சட்டமாக்கியபோது இந்தக் கால்வாயும் அதில் சேர்ந்தது. மறுபடி படகு விடலாம் என்று பேச்சு எழுந்தது. ஆனால் கொட்டிவாக்கத்திலிருந்து வடக்கே புறப்படும் சரக்குப் படகு இன்றைக்கும் அடையாற்றோடு நிற்க வேண்டியதுதான். 1876-ல் இருந்த அதே எட்டுக் கிலோமீட்டர்தான் மறுபடியும் அடைபட்டிருக்கிறது.