எல்லாமே பெல்ஜியம் கண்ணாடிதானா?

தேவாரத்தில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடுகளில் ‘பெல்ஜியம் கண்ணாடி’ இருக்கிறது. முதல் வீட்டில் ஆளுயர நிலைக்கண்ணாடி. இரண்டாவது வீட்டில் வெளிர்பச்சையில் ஒரு மூடிக் கிண்ணம். மூன்றாவது வீட்டு ஷோகேஸில், வில்லை வில்லையாகப் புடைத்த மேற்பரப்போடு கனமான ஒரு பூ ஜாடி. கேட்டால் மூன்று வீட்டிலும் ஒரே பதில்தான்: “அசல் பெல்ஜியம் தம்பி.”

மூன்றில் முதலாவது பெல்ஜியமாக இருக்க வாய்ப்பு நிறைய உண்டு. மற்ற இரண்டும் பெல்ஜியம் பக்கமே போனதில்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருட வாரக்கடைசிகள் ஆயின. தொழிலில் நான் மென்பொருள் ஆசாமி, கண்ணாடிக்கும் எனக்கும் ஸ்கிரீன் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. ஆனால் ஒரு சொல் எல்லாப் பொருளுக்கும் பொதுப்பெயராக ஒட்டிக்கொண்டால், அதற்குப் பின்னால் ஏதோ வியாபார வரலாறு இருக்கும் என்று மட்டும் தெரியும்.

இருக்கத்தான் செய்கிறது. முதல் உலகப்போருக்கு முன்னால் ஜன்னல் கண்ணாடி, தட்டைக் கண்ணாடி என்றால் உலகச் சந்தையில் பெல்ஜியம்தான். ஷார்லெருவா என்ற நகரத்தைச் சுற்றி நிலக்கரிச் சுரங்கங்கள், அந்த நிலக்கரியை நம்பிக் கண்ணாடி உலைகள். செய்ததில் பெரும்பகுதியைக் கப்பலில் ஏற்றி வெளிநாட்டுக்கு விற்றுவிட்டார்கள். பழைய முறையில் கண்ணாடிக் குழம்பை ஊதி நீளமான உருளையாக்கி, நெடுக்கே கீறி, சூட்டில் விரித்துத் தட்டையாக்குவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எமில் ஃபூர்கோ என்ற பெல்ஜியக்காரர், ஊதவே வேண்டாம், குழம்பிலிருந்து நேராகத் தாள் மாதிரி மேலே இழுத்துவிடலாம் என்று இயந்திரம் கண்டுபிடித்தார். பழைய வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டுச் சுவர் லேசாக நெளிகிறதே, அந்த நெளிவு இந்த மாதிரி முறைகளில் வந்ததுதான். 1959இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனி, உருகிய ஈயத்தின் மேல் (நம் கறுப்பு ஈயம் இல்லை, பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம்) கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமமாக்கும் முறையை அறிவித்தது. அதன்பிறகு நெளிவு போய்விட்டது.

ஆக, இந்தியாவுக்கு வந்த தட்டைக் கண்ணாடியில் பெல்ஜியம் சரக்கு உண்மையாகவே மிகுதி. செட்டிநாட்டு வீடுகளுக்குப் போய்வந்த எல்லோருக்கும் ஒரு வாக்கியம் மனப்பாடம்: பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி. அந்த வீடுகளின் நிலைக்கண்ணாடிகளைப் பொறுத்தவரை இதில் பெரிய தப்பு இல்லை. தப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்றால், அதே கூடத்தில் தொங்கும் சரவிளக்கு, மேசைமேல் இருக்கும் கலர் குவளை, வாசனைத் தைல சீசா, எல்லாவற்றுக்கும் ‘பெல்ஜியம்’ என்று பேர் வைத்ததில். நாட்டின் பேர் தரத்தின் பேராகிவிட்டது. ஜெராக்ஸ் மாதிரி, டால்டா மாதிரி. சரவிளக்கில் இங்கிலாந்துக்காரர்களும் பெரிய ஆட்கள். பர்மிங்காமைச் சேர்ந்த ஆஸ்லர் கம்பெனி கல்கத்தாவிலேயே கடை வைத்து மகாராஜாக்களுக்கு விற்றது. பெல்ஜியத்திலும் 1826இல் தொடங்கிய வால் சேன் லாம்பேர் மாதிரி உயர்ந்த கிரிஸ்டல் கம்பெனி இருந்தது. ஆனால் கலர்க் கண்ணாடி, அலங்காரச் சாமான் என்றால் உண்மையான ராஜா வேறு ஒருத்தர். பொஹிமியா, இன்றைய செக் நாடு.

இதற்கு எங்கள் தெருவின் இரண்டாவது வீட்டுக்கு வருவோம். அந்த வெளிர்பச்சைக் கிண்ணத்தை இருட்டு அறையில் வைத்து, கடைக்காரர்கள் கள்ள நோட்டு பார்க்கிறார்களே, அந்த ஊதா லைட்டை அடித்தேன். போடி பஜாரில் வாங்கியது. கிண்ணம் பளீரென்று பச்சையாக எரிந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அலறியே விட்டார்கள். அதில் இருப்பது யுரேனியம். பயப்படாதீங்க. ஷோகேஸில் வைத்துப் பார்ப்பதால் ஒன்றும் ஆகாது, அதில் தினமும் சாப்பிட வேண்டாம், அவ்வளவுதான். 1830களில் பொஹிமியாவின் ரீடல் குடும்பத்தார் (இன்றைக்கு ஒயின் கிளாஸுக்குப் பேர்போன அதே ரீடல்) யுரேனியம் கலந்து மஞ்சளும் பச்சையுமாகக் கண்ணாடி செய்தார்கள். யுரேனியம் கிடைத்தது பக்கத்திலேயே, யோஆகிம்ஸ்டால் என்ற சுரங்க ஊரில். அந்த ஊர் வெள்ளியில் அடித்த நாணயத்துக்கு ‘தாலர்’ என்று பேர். நாம் சம்பளம் கணக்குப் போடுகிற ‘டாலர்’ அதன் பேரன். மேரி கியூரி 1898இல் ரேடியத்தைக் கண்டதும் அந்த ஊர்ச் சுரங்கத் தாதுவில்தான். ஒரு மூடிக் கிண்ணத்துக்கு இவ்வளவு சொந்தக்காரர்கள்!

இங்கே ஒரு எச்சரிக்கை. மாங்கனீஸ் கலந்த பழைய கண்ணாடியும் அந்த லைட்டில் மங்கலாகப் பச்சை காட்டும். யுரேனியம் என்றால் டியூப்லைட் மாதிரி எரியும். ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு குழம்பாது. யுரேனியம் கண்ணாடியை வேறு நாட்டுக்காரர்களும் செய்தார்கள் என்பதால் லைட் மட்டும் போதாது, வடிவத்தையும் வெட்டு வேலையையும் சேர்த்துத்தான் பொஹிமியா என்று சொல்லவேண்டும்.

பொஹிமியாவுக்கும் நமக்கும் உறவு ஷோகேஸோடு நிற்கவில்லை. 1914க்கு முன் இந்தியாவுக்குக் கண்ணாடிச் சாமான் அனுப்பிய நாடுகளில் முதலிடம் ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு. காரணம் அலங்காரக் குவளை இல்லை, வளையலும் பாசிமணியும். பொஹிமியா அப்போது அந்தச் சாம்ராஜ்யத்துக்குள் இருந்தது. கப்லோன்ஸ் என்ற ஊரைச் சுற்றி வீட்டுக்கு வீடு வளையல் தொழில். நம் கொள்ளுப்பாட்டிமார் திருவிழாவில் போட்டுக்கொண்ட கண்ணாடி வளையல்களில் பல அங்கே உருகியவை. போர் வந்து அந்தச் சரக்கு நின்றது. ஜப்பான் உள்ளே நுழைந்தது, பிரோசாபாத் வளர்ந்தது. இரண்டாம் போருக்குப் பிறகு செக் அரசு அங்கிருந்த ஜெர்மானியர்களை வெளியேற்றியபோது, கப்லோன்ஸ்காரர்கள் பவேரியாவில் ‘நியூகப்லோன்ஸ்’ என்று புது ஊரே கட்டி அதே தொழிலை மறுபடி தொடங்கினார்கள்.

சரி, அடியில் எழுத்து இருந்தால் வேலை சுலபம். கண்ணாடியில் பெரும்பாலும் இருக்காது, பீங்கானில் இருக்கும். (பீங்கான் என்ற சொல்லே கப்பல் ஏறி வந்ததுதான். மலாய் மொழியில் தட்டுக்கு ‘பிங்கான்’ என்றுதான் பேர்.) அமெரிக்கா 1890இல் ஒரு சுங்கச் சட்டம் போட்டது. வெளிநாட்டுச் சரக்கில் எந்த நாடு என்று எழுதியிருக்க வேண்டும். அமெரிக்காவுக்கும் நமக்கும் தனித்தனி அச்சு வைக்க எந்தக் கம்பெனி மெனக்கெடும்? அதனால் நம் ஊர்த் தட்டுகளுக்கு அடியிலும் நாட்டின் பேர் வந்துவிட்டது. நாடுகளின் பேர் மாறிக்கொண்டே இருந்தது நமக்கு வசதி. ‘ஆஸ்திரியா’ என்று போட்ட பொஹிமியப் பீங்கான் 1918க்கு முந்தியது. ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றால் 1918க்கும் 1992க்கும் நடுவில். ‘நிப்பான்’ என்றால் 1921க்கு முன், அதன்பிறகு ‘ஜப்பான்’. ‘ஆக்குபைடு ஜப்பான்’ என்று இருந்தால் தோற்ற ஜப்பானை அமெரிக்கப் படைகள் ஆண்ட காலம், 1952க்குள். ‘யு.எஸ். ஸோன்’ என்றால் 1949க்கு முந்திய ஜெர்மனி, ‘டபிள்யூ. ஜெர்மனி’ என்றால் 1949க்குப் பிறகு, 1990 வரை. புரோகிராமர் பாஷையில் சொன்னால், தட்டுக்கு அடியில் ஒரு வெர்ஷன் நம்பர்.

இந்த மேற்கு ஜெர்மனிப் பூ ஜாடிகள் எனக்கு ரொம்பப் பிடித்தவை. எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்த மாதிரி தடித்த பூச்சு, ஆரஞ்சும் கறுப்பும் பழுப்பும். அடியில் 210-18 என்று இருக்கும். ஷோய்ரிஷ் கம்பெனி ஜாடிகளில் முதல் எண் அச்சு எண், இரண்டாவது எண் சென்டிமீட்டரில் உயரம். யாரோ ஒரு இன்ஜினீயர் யோசித்த முறையாகத்தான் இருக்கும்.

ஆனால் நம் ஊரில் இவை அபூர்வம். ஏன் என்பதுதான் எனக்கு இந்த ஆராய்ச்சியிலேயே சுவையான பகுதி. செட்டிநாட்டில் குவிந்திருக்கும் ஐரோப்பியச் சாமான்களைப் பார்த்தால், பெரும்பகுதி 1940ஓடு நின்றுவிடுகிறது. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தது. அங்கே கடன் கொடுத்து நிலம் வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள், போருக்குப் பிறகும் அந்தச் சொத்து திரும்பவில்லை. வாங்கும் கை போய்விட்டது. அடுத்து, சுதந்திர இந்தியா இறக்குமதிக்கு லைசென்ஸ் வைத்தது, 1957 வாக்கில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தபோது கதவை இன்னும் இறுக்கியது. இயந்திரத்துக்கே டாலர் இல்லாதபோது பூ ஜாடிக்கு யார் லைசென்ஸ் கொடுப்பார்கள்? ஐரோப்பாவில் கண்ணாடியும் பீங்கானும் புது வடிவம் எடுத்துத் துள்ளிக்கொண்டிருந்த 1950கள், 60கள் நம் ஷோகேஸில் ஏறக்குறைய காலி. வந்தது எல்லாம் யாராவது ஒருத்தர் சிங்கப்பூரிலிருந்தோ சிலோனிலிருந்தோ பெட்டிக்குள் வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்தது.

மூன்றாவது வீட்டுப் பூ ஜாடி அப்படி வந்ததுதான். அச்சில் அழுத்திச் செய்த செக் கண்ணாடி, 1960களின் பாணி. அந்தக் காலத்தில் செக்கோஸ்லோவாக்கியாவில் ஓவியருக்கும் எழுத்தாளருக்கும் கட்சிக் கெடுபிடி இருந்தது. கண்ணாடியை மட்டும் ‘வெறும் அலங்காரம்தானே’ என்று ஓரளவு விட்டுவைத்தார்கள். நவீன ஓவியத்தில் காட்ட முடியாததையெல்லாம் கண்ணாடியில் காட்டினார்கள். யூர்னிகல், விஸ்னர், மாட்டுரா என்று நல்ல கலைஞர்கள், தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கும் மலிவான ஜாடிக்கு வடிவம் கொடுத்தார்கள். 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் செக் அரங்கம்தான் முதல் பரிசு வாங்கியது, அங்கே கண்ணாடியைப் பார்த்து ஐரோப்பா வாய் பிளந்தது. பிரஸ்ஸல்ஸ் எந்த நாட்டுத் தலைநகரம்? பெல்ஜியம்! அந்த அளவில் வேண்டுமானால் எங்கள் தெருக்காரர்கள் சொன்னதை ஒத்துக்கொள்ளலாம்.

இந்த ஜாடிகளில் எழுத்து கிடையாது. ஒரு காகித ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி வரும். அது போனால் அடையாளமும் போச்சு. சேகரிப்பவர்கள் பழைய கம்பெனி கேட்லாக்குகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள், வில்லைகளை எண்ணி அதில் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு நான்கைந்து தடவை போயிருக்கிறேன். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. சுவீடன் இனாமல் சட்டி, ஜப்பான் டைல்ஸ், ரசம் போன கண்ணாடி, பீங்கான் ஜாடி, எல்லாம் கிடைக்கும். நான் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே கேள்வி கேட்பேன்: “எந்த ஊர், எந்த வீட்டுச் சாமான்?” பதில் வராது. வியாபாரி சொல்ல மாட்டார், அவருக்கு அது தொழில் ரகசியம். பங்காளிகள் பிரித்துக்கொண்ட வீடு, இடித்த வீடு, கடனில் போன வீடு, யாரும் பேர் வெளியே வருவதை விரும்புவதில்லை. அது நியாயம்தான். ஆனால் அதே கடையில் ஒரு பித்தளை அண்டாவைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பில் பேர் வெட்டியிருக்கும். இன்னாரின் மகள் இன்னார், ஊர், சில சமயம் வருஷமும். நம் ஆட்கள் பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் பேர் வெட்டினார்கள், ஸ்பூனைக்கூட விடவில்லை. கண்ணாடியில் உளி வைக்க முடியாது. அதனால் அந்த அண்டாவோடு அதே சீர்வரிசையில் வந்த கண்ணாடிக் குவளை, வீட்டை விட்டு வெளியேறிய அன்றே அநாதை. பிறகு அதற்குக் கடைக்காரர் வைத்ததுதான் பேர், அது எப்போதும் ‘பெல்ஜியம்’.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால், விற்பதோ வைத்துக்கொள்வதோ உங்கள் இஷ்டம். நான் வாங்குவதில்லை, வீட்டில் இடமும் இல்லை, அனுமதியும் இல்லை. இருக்கும் இடத்திலேயே ஒரு போட்டோ எடுங்கள். திருப்பி அடியை ஒரு போட்டோ. யாருடைய கல்யாணத்துக்கு வந்தது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று இரண்டு வரி. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். கூகுள் லென்ஸ் ஜாடியின் நாட்டைக்கூடச் சொல்லிவிடும், உங்கள் வீட்டுக்கு அது எப்படி வந்தது என்று சொல்லாது.

மூன்றாவது வீட்டு அப்பத்தாவுக்கு எண்பத்து மூன்று வயது. அவர் சொன்னதை என் குறிப்பேட்டில் உள்ளபடி தருகிறேன். ஜாடியைக் கொண்டுவந்தது அவருடைய அண்ணன், சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அப்பத்தாவுக்கு மூத்த பிள்ளை பிறந்த வருஷம் அது. மதுரை வரை ரயில், அங்கிருந்து பஸ். பஸ்ஸில் வரும்போது மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். அப்பத்தாவின் வீட்டுக்காரருக்கு மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கு வேலை. ஜாடியில் இதுவரை யாரும் பூ வைத்ததில்லை, மேலிருந்து கொண்டுவந்த ஏலக்காயில் கொஞ்சத்தைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அடியில் ஸ்டிக்கர் எதுவும் இருந்ததா என்று கேட்டேன்.

“தங்கக் கலர்ல ஒண்ணு ஒட்டியிருந்துச்சுய்யா. தேங்கா எண்ணெய் போட்டு நாந்தான் சொரண்டி எடுத்தேன். வெலச் சீட்டுன்னு நெனச்சேன். வெல தெரிஞ்சா வர்றவுக கண்ணு வைப்பாகள்ல?”