சட்டைப்பை கேமராவும் சுண்டுவிரல் நகமும்: சென்ஸர் அளவின் கதை

ஒரு கம்பெனி தன்னுடைய புதிய கேமராவில், பழைய கேமராவில் இருந்ததை விடக் குறைவான மெகாபிக்ஸலை வைத்து, அதையே பெருமையாகச் சொல்லி விற்குமா? 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேனான் அப்படித்தான் செய்தது. 2008-ல் வந்த பவர்ஷாட் ஜி10 கேமராவில் 14.7 மெகாபிக்ஸல். அதற்கு அடுத்து வந்த ஜி11-ல் 10 மெகாபிக்ஸல். சென்ஸரின் அளவு இரண்டிலும் ஒன்றுதான்.

"மெகாபிக்ஸல் எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு எல்லோரும் கேமரா வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கேள்வியே தப்பு என்று கேமரா செய்கிறவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிற்று. அது எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

ஃபிலிம் இருந்த இடத்தில்

ஃபிலிம் காலத்தில் இந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. சட்டைப்பையில் போடுகிற 35 மி.மீ. கேமராவானாலும் சரி, கழுத்தில் தொங்கும் பெரிய எஸ்எல்ஆர் ஆனாலும் சரி, உள்ளே போகும் ஃபிலிம் ஒன்றுதான். படம் பதியும் இடம் 36 x 24 மி.மீ. சின்ன கேமராவில் லென்ஸ் சுமாராக இருக்கலாம், ஆனால் படம் விழும் பரப்பு குறையாது.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் சிசிடி-யைக் கண்டுபிடித்தார்கள் (2009-ல் இயற்பியல் நோபல் பரிசு இதற்காகத்தான்). 1975-ல் கோடாக்கில் வேலை பார்த்த ஸ்டீவன் சாஸன், 100 x 100 புள்ளிகள் கொண்ட சென்ஸரை வைத்து முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி ஆனது.

ஃபிலிமுக்குப் பதில் சிலிக்கான் வந்ததும் கணக்கு மாறிவிட்டது. சென்ஸர்களை வட்டமான சிலிக்கான் தகட்டில் வரிசையாகச் செய்து வெட்டி எடுக்கிறார்கள். சென்ஸர் பெரிதானால் ஒரு தகட்டில் கிடைக்கும் எண்ணிக்கை குறையும். எங்காவது ஒரு குறை இருந்தால் வீணாகும் பரப்பும் அதிகம். அதனால் பெரிய சென்ஸரின் விலை அதன் பரப்பை விட வேகமாக ஏறும். காம்பாக்ட் கேமராக்கள் குட்டி சென்ஸர்களோடு பிறந்ததற்கு முதல் காரணம் இதுதான்.

அங்குலம் என்ற குழப்பம்

கேமராவின் விவரப் பட்டியலில் "1/1.8 அங்குல சென்ஸர்" என்று போட்டிருப்பார்கள். ஒன்றை 1.8-ஆல் வகுத்தால் 0.55 அங்குலம், அதாவது சுமார் 14 மி.மீ. ஆனால் அந்த சென்ஸரின் மூலைவிட்டத்தை அளந்தால் 9 மி.மீ. தான் வரும்! மிச்சம் 5 மி.மீ. எங்கே போனது?

இது பழைய டெலிவிஷன் கேமரா காலத்து வழக்கம். அப்போது படம் பிடிக்கக் கண்ணாடிக் குழாய்களைப் பயன்படுத்தினார்கள். குழாயின் வெளிவிட்டத்தை வைத்து அதற்குப் பெயர். உள்ளே படம் விழும் பகுதி அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். குழாய் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. வாங்குபவருக்கு இதிலிருந்து ஒன்றும் புரியாது. மில்லிமீட்டரில் சொன்னால்தான் உண்மை தெரியும்:

1/2.5 அங்குலம் (சாதாரண காம்பாக்ட்) - 5.8 x 4.3 மி.மீ.
1/1.8 அங்குலம் - 7.2 x 5.3 மி.மீ.
1/1.7 அங்குலம் (ஜி10, ஜி11) - 7.6 x 5.7 மி.மீ.
1 அங்குலம் - 13.2 x 8.8 மி.மீ.
ஃபோர் தேர்ட்ஸ் - 17.3 x 13 மி.மீ.
ஏபிஎஸ்-சி - சுமார் 23.6 x 15.6 மி.மீ.
ஃபுல் ஃப்ரேம் - 36 x 24 மி.மீ.

அதாவது "உயர்ரக காம்பாக்ட்" என்று விற்ற கேமராக்களின் சென்ஸர் ஒரு சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது. அதன் பரப்பு ஃபுல் ஃப்ரேமில் இருபதில் ஒரு பங்கு.

மழையும் டம்ளரும்

பரப்பு சின்னதாக இருந்தால் படத்துக்கு என்ன ஆகும்? ஒளி என்பது ஃபோட்டான் என்னும் துகள்களாக வருகிறது. மழைத்துளி மாதிரி, அது ஒழுங்கான வரிசையில் விழுவதில்லை. லேசான தூறலில் இரண்டு டம்ளர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் 8 துளி விழும், இன்னொன்றில் 13 விழும். இரண்டும் ஒரே மழையில்தான் நனைந்தன, ஆனால் எண்ணிக்கை வேறு. இரண்டு பெரிய அண்டாக்களை வைத்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

இதைக் கணக்காகவும் சொல்லலாம். ஒரு பிக்ஸல் 10,000 ஃபோட்டான் பிடித்தால், அதில் வரும் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 100. இது ஒரு சதவீதம். அதே பிக்ஸல் 100 ஃபோட்டான் மட்டும் பிடித்தால் ஏற்ற இறக்கம் 10. இது பத்து சதவீதம்! ஒரே நிறமாக இருக்க வேண்டிய சுவர், படத்தில் மணல் தூவிய மாதிரி தெரிவது இதனால்தான். இதைத்தான் நாய்ஸ் அல்லது இரைச்சல் என்கிறோம்.

நல்ல வெயிலில் சின்ன சென்ஸருக்கும் போதுமான ஒளி கிடைத்துவிடும். சாயங்கால நேரம், வீட்டுக்குள்ளே, மேடை நிகழ்ச்சி என்று ஒளி குறையும்போதுதான் வித்தியாசம் தெரியும். இரைச்சலை மறைக்க கேமரா படத்தைத் தானாகவே வழித்து மெழுகிவிடும். தலைமுடி, புல், துணியின் நெசவு எல்லாம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடும். ஆனால் மனிதர்கள் பெரும்பாலும் படம் எடுக்க நினைப்பது இந்த மாதிரி இடங்களில்தான். பிறந்தநாள் கேக் வெட்டும் நேரம் திரும்ப வராது.

இன்னொரு தொல்லையும் உண்டு. லென்ஸின் சின்னத் துவாரத்தில் நுழையும் ஒளி கொஞ்சம் விரிந்து பரவும். எஃப்/8-ல் ஒரு புள்ளி சுமார் 10 மைக்ரான் அகலத்துக்குப் பரவுகிறது. ஜி10-ன் ஒரு பிக்ஸல் 1.7 மைக்ரான். ஒரு புள்ளி ஆறு பிக்ஸல் அகலத்தில் பரவினால், கூடுதல் பிக்ஸல்கள் எதைப் பதியும்? மங்கலைத்தான் நுணுக்கமாகப் பதியும்.

மெகாபிக்ஸல் ஓட்டப்பந்தயம்

2000-ல் வந்த முதல் கேனான் ஜி1-ல் 3.3 மெகாபிக்ஸல். 2003-ல் ஜி5, 5 மெகாபிக்ஸல். 2004-ல் ஜி6, 7 மெகாபிக்ஸல். 2006-ல் ஜி7, 10. 2007-ல் ஜி9, 12. 2008-ல் ஜி10, 14.7. எட்டு வருடத்தில் பிக்ஸல் எண்ணிக்கை நாலு மடங்குக்கு மேல் ஏறியது. சென்ஸரோ 1/1.8-லிருந்து 1/1.7-க்குத்தான் வந்தது. ஆக ஒவ்வொரு பிக்ஸலின் பரப்பும் நாலில் ஒரு பங்காகச் சுருங்கியது. மற்ற கம்பெனிகளும் இதே பாதையில்தான் ஓடின.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. 2006-ல் ஃபியூஜிஃபிலிம் எஃப்30 என்ற கேமராவை 6 மெகாபிக்ஸலோடு வெளியிட்டது. அதில் ஐஎஸ்ஓ 3200 வரை இருந்தது. இருட்டில் அதன் படங்கள் மற்ற காம்பாக்ட்களை விட எவ்வளவோ தெளிவு. ஆனால் கடைக்காரர் சொல்லும் எண் 6 தானே? அதே ஃபியூஜி 2007-ல் எஃப்50எஃப்டி-யில் 12 மெகாபிக்ஸலுக்குத் தாவியது. எஃப்30-ஐயும் அதன் தம்பி எஃப்31எஃப்டி-யையும் விவரம் தெரிந்தவர்கள் பழைய விலையிலாவது கிடைக்குமா என்று தேடி அலைந்தார்கள்.

2008-ல் பானாசோனிக் எல்எக்ஸ்3 வந்தது. முந்தைய எல்எக்ஸ்2 போலவே 10 மெகாபிக்ஸலோடு நிறுத்திக்கொண்டு, எஃப்/2 லென்ஸைக் கொடுத்தார்கள். சென்ஸரைப் பெரிதாக்க முடியாவிட்டால் ஜன்னலையாவது பெரிதாகத் திற என்ற யோசனை. அது நன்றாகவே வேலை செய்தது.

2009-ல் கேனான் பின்வாங்கியது. ஜி11-ம், கூடவே வந்த எஸ்90-ம் 10 மெகாபிக்ஸல். 2008-ல் 13.5 மெகாபிக்ஸலோடு பி6000 வெளியிட்ட நிகான், 2010-ல் பி7000-ஐ 10 மெகாபிக்ஸலோடு வெளியிட்டது. ஓட்டப்பந்தயம் கொஞ்ச நாளைக்காவது நின்றது.

ஜி10-ன் பக்கமும் ஒரு நியாயம்

ஜி10 மோசமான கேமரா என்று நினைத்துவிடக் கூடாது. கனடாவைச் சேர்ந்த மைக்கேல் ரெய்க்மேன் என்ற புகைப்படக்காரர் 2008-ல் ஒரு சோதனை செய்தார். ஜி10-ல் எடுத்த படத்தையும், 39 மெகாபிக்ஸல் டிஜிட்டல் பேக் பொருத்திய ஹாஸல்பிளாட் கேமராவில் எடுத்த படத்தையும் 13 x 19 அங்குல அளவில் அச்சடித்து அனுபவசாலிகளிடம் காட்டினார். எது எந்தக் கேமரா என்று அவர்களால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை! நல்ல ஒளி, குறைந்த ஐஎஸ்ஓ, அளவான அச்சு என்றால் சுண்டுவிரல் நகமும் யானையோடு மோதும்.

இன்னொன்று. "சின்ன பிக்ஸல் என்றாலே இரைச்சல்" என்பது பாதி உண்மைதான். ஒவ்வொரு பிக்ஸலையும் பெரிதாக்கிப் பார்த்தால் இரைச்சல் தெரியும். படம் முழுவதையும் ஒரே அளவில் அச்சடித்துப் பார்த்தால், மொத்த சென்ஸர் பரப்பும் லென்ஸ் விடும் ஒளியும்தான் பெரும்பங்கு தீர்மானிக்கின்றன. பிக்ஸலைக் குறைத்ததால் ஓரளவுதான் லாபம். உண்மையான தீர்வு சென்ஸரைப் பெரிதாக்குவதுதான்.

பெரிய சென்ஸர், சின்னப் பெட்டி

சென்ஸர் பெரிதானால் அதை நிறைக்க லென்ஸும் பெரிதாக வேண்டும். 2005-ல் சோனி ஆர்1 என்ற கேமராவில் ஏபிஎஸ்-சி அளவை நெருங்கும் சென்ஸரோடு ஜூம் லென்ஸைச் சேர்த்துக் காட்டியது. படம் அருமை, எடையோ ஒரு கிலோவை நெருங்கியது. சட்டைப்பையைப் பற்றிப் பேசவே முடியாது.

சிக்மா வேறு வழி பார்த்தது. ஜூம் வேண்டாம், ஒரே கோணம் போதும் என்று டிபி1 கேமராவை 2006-ல் அறிவித்தது. கைக்கு வந்தது 2008-ல். பெரிய சென்ஸர் சின்னப் பெட்டிக்குள் வந்துவிட்டது. ஆனால் வேகம் ஆமை வேகம், லென்ஸ் எஃப்/4. எல்எக்ஸ்3-ஐ விட ஏறக்குறைய ஆறு மடங்கு பெரிய சென்ஸர்தான், ஆனால் எல்எக்ஸ்3-ன் எஃப்/2 லென்ஸ் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் நாலு மடங்கு ஒளி விடுகிறது. கடைசியில் மிஞ்சிய லாபம் சுமார் ஒன்றரை மடங்கு! சென்ஸரை மட்டும் பார்த்தாலும் ஏமாற்றம்தான் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தன. 2009-ல் லைக்கா எக்ஸ்1. 2011-ல் ஃபியூஜியின் எக்ஸ்100, ஏபிஎஸ்-சி சென்ஸரோடு எஃப்/2 லென்ஸ். அந்த ஆண்டு மார்ச் 11-ல் ஜப்பானைத் தாக்கிய பூகம்பத்தால் இதன் உற்பத்தி கொஞ்ச காலம் நின்றது. 2012-ல் கேனான் ஜி1 எக்ஸ், ஜி12-ஐ விட ஆறு மடங்கு பெரிய சென்ஸர். அதே ஆண்டு சோனி ஆர்எக்ஸ்1, ஃபுல் ஃப்ரேமே காம்பாக்டுக்குள் வந்துவிட்டது. விலை 2,800 டாலர். 2013-ல் ரிக்கோ ஜிஆர்.

ஆனால் கூட்டத்தை மாற்றியது நடுவழி எடுத்த கேமராதான். 2012 ஜூனில் சோனி அறிவித்த ஆர்எக்ஸ்100. 1 அங்குல சென்ஸர், அதாவது ஜி11-ஐ விட 2.7 மடங்கு பரப்பு. எஃப்/1.8-ல் தொடங்கும் ஜூம் லென்ஸ். எடை 240 கிராம், நிஜமாகவே சட்டைப்பையில் போடலாம். இரண்டு வருடம் கழித்து கேனானும் ஜி7 எக்ஸ் கேமராவில் அதே அளவுக்கு வந்தது.

ஃபோன் வந்த கதை

இதற்குள் சந்தையே மாறிப்போனது. 2010-ல் ஜப்பானிய கம்பெனிகள் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்களை அனுப்பின. 2020-ல் அது 90 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. மலிவு காம்பாக்ட்களை ஃபோன் விழுங்கிவிட்டது. தப்பிப் பிழைத்தவை பெரும்பாலும் ஃபோனுக்குள் அடங்காத சென்ஸர் உள்ளவை. 2024-ல் வந்த எக்ஸ்100VI கேமராவுக்கு ஜனங்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

ஃபோனின் குட்டி சென்ஸர் இருட்டில் எப்படிச் சமாளிக்கிறது? 2018-ல் கூகுள் கொண்டுவந்த நைட் சைட் போன்றவை பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கின்றன. டம்ளர் சின்னதாக இருந்தால் பல தடவை வைத்துப் பிடி, அவ்வளவுதான். ஆடாமல் நிற்கும் சுவருக்கு இது சரி. ஓடுகிற குழந்தைக்குக் கஷ்டம். 2022-ல் ஷியோமி 12எஸ் அல்ட்ரா ஃபோனிலேயே 1 அங்குல சென்ஸர் வந்ததற்குக் காரணம் அதுதான். மென்பொருள் எவ்வளவு வளர்ந்தாலும் பரப்பின் அருமை குறையவில்லை.

2023-ல் வந்த சாம்சங் எஸ்23 அல்ட்ரா ஃபோனின் பெருமை 200 மெகாபிக்ஸல். ஆனால் சாதாரணமாகப் படம் எடுக்கும்போது அது 16 பிக்ஸல்களை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்ஸல் படத்தைத்தான் தருகிறது. 2009-ல் கேனான் கற்ற பாடத்தை ஃபோன் உள்ளுக்குள் சத்தமில்லாமல் செய்துகொள்கிறது. வெளியே, விளம்பரத்தில் பெரிய எண்ணே இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை கேமராவோ ஃபோனோ வாங்கப் போனால், மெகாபிக்ஸல் எவ்வளவு என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சென்ஸர் எத்தனை மில்லிமீட்டர், லென்ஸ் எஃப் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். பதில் தெரியாமல் கடைக்காரர் முழித்தால், பெட்டியைத் திருப்பி நீங்களே படித்துப் பாருங்கள்.