முற்றமும் புற்றரையும்



2018ஆம் ஆண்டுக் கோடையை நம்மில் எவரும் இலகுவில் மறந்திருக்க மாட்டோம். மே மாதம் தொடங்கி யூலை முடியும்வரை மழை பெயருக்குத்தான் பெய்தது. வயல்கள் கருகின. வெளியில் தீ மூட்டக் கூடாதென்று பல நகரசபைகள் தடை விதித்ததால், சங்க்ட் ஹான்ஸ் இரவின் தீ மூட்டல்கூடப் பல ஊர்களில் நின்றுபோயிற்று. அக்கோடையில் ஒவ்வொரு மாலையும் நான் வேலையால் வந்து, உடுப்பு மாற்றி, இறப்பர்க் குழாயும் கையுமாக வீட்டு முன்புறப் புற்றரையில் நிற்பேன். மூன்றாம் கிழமை பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிச் செடிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எண்பது வயதைத் தாண்டியவர். இப்பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். "டொக்டர், நீங்கள் ஊற்றுகிற தண்ணீரைப் புல் குடிக்கவில்லை, மணல் குடிக்கிறது. என்னுடைய பாட்டனார் காலத்தில் இந்த இடத்தில் புற்றரையே கிடையாது" என்றார்.

அன்றிரவு கணக்குப் பார்த்தேன். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு லீற்றர் தண்ணீர். வறட்சிக் காலத்தில் புல் பச்சையாக நிற்பதற்குக் கிழமைக்கு 20 மில்லிமீற்றராவது வேண்டும். எனது புற்றரை 400 சதுர மீற்றர். ஆகவே அது கிழமைக்கு 8,000 லீற்றர் கேட்கிறது. இந்நாட்டில் ஓர் ஆள் வீட்டிலே நாளொன்றுக்குப் பாவிக்கும் தண்ணீர் சுமார் 100 லீற்றர். நால்வர் கொண்ட குடும்பம் இருபது நாட்கள் குடித்து, சமைத்து, குளித்து, உடுப்புத் தோய்க்கும் தண்ணீரைப் புல் ஒரு கிழமையில் முடித்துவிடும். எண்ணெய் விலைக்கும் மின்சார விலைக்கும் முறையிடும் நாம் இதற்கு முறையிடுவதில்லை.

பெரியவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று பார்க்கப் புத்தகங்களைப் புரட்டினேன். பனிக்கட்டி யுகத்தின் கடைசியில் பெரும் பனிப்படலம் யூலண்டின் நடுவில் வந்து நின்றதாம். அதிலிருந்து உருகி மேற்கே ஓடிய வெள்ளம் மணலைக் கொண்டுவந்து பரப்பியது. இன்று நம்மவர்கள் வாழும் ஹேர்னிங், பிராண்டே சுற்றுவட்டாரங்களின் பெரும்பகுதி மணற்பாங்கானது. அதன்மேல் பல நூற்றாண்டுகளாக நின்றது 'லியுங்' எனப்படும் குறுஞ்செடி. ஓகஸ்ட் மாதத்தில் ஊதா நிறமாகப் பூக்குமே, அதுதான். அந்தச் செடியை ஆடுகள் மேய்ந்தன. ஆட்டு மயிரில் குடியானவர்கள் காலுறை பின்னி விற்றார்கள். ஹேர்னிங்கின் துணித்தொழில் அங்கிருந்து வந்ததே.

இந்த வெளியில் முதலில் வெளிநாட்டுக் குடியேறிகளைக் கொண்டுவந்து இருத்தியவர் ஐந்தாம் பிரெடெரிக் மன்னர். 1759ஆம் ஆண்டு தொடக்கம் ஜேர்மனியிலிருந்து குடும்பங்களை வரவழைத்துக் காருப் பக்கத்து வெளியைப் பண்படுத்தச் சொன்னார். மண்ணின் வறுமை தாங்காமல் பெரும்பாலானோர் திரும்பிப் போனார்கள். எஞ்சியவர்கள் உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பிழைத்தபடியால் 'உருளைக்கிழங்கு ஜேர்மனியர்' என்ற பட்டப்பெயர் கிடைத்தது. கறிக்குப் போடும் சரக்கை வைத்து அயலவனுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் இங்கே நாம் வந்தபிறகு தொடங்கியதல்ல! பின்னர் 1864 யுத்தத்தில் சிலேஸ்விக், ஹொல்ஸ்ரைன் பகுதிகளை டென்மார்க் இழந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1866இல், என்றிக்கோ டால்காஸ் என்ற இராணுவப் பொறியியலாளரும் வேறு சிலரும் சேர்ந்து 'ஹெடசெல்ஸ்காபெற்' என்ற சங்கத்தை அமைத்து, லியுங் வெளிகளைக் காடாகவும் வயலாகவும் மாற்றும் வேலையை முன்னெடுத்தார்கள். ஆகவே இங்குள்ள பச்சையில் பெரும்பகுதி மனிதன் வருந்தி உண்டாக்கியது.

அப்படியானால் இந்தப் புற்றரை எங்கிருந்து வந்தது? பிரபுக்களின் வீட்டிலிருந்து வந்தது என்பதே சுருக்கமான விடை. பிரான்சில் வெர்சாய் அரண்மனையில் புல்லைப் பச்சைக் கம்பளமாக விரித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சீமான்கள் மாளிகை வாசல்வரை புல்லைக் கொண்டுவந்தார்கள். புல்லை வெட்ட அரிவாள்காரர் கூட்டம் வேண்டும், அல்லது மேய ஆட்டு மந்தை வேண்டும். பயிர் வைக்காமல் இவ்வளவு நிலத்தைச் சும்மா போட்டுவைக்க என்னால் முடியும் என்று காட்டுவதுதான் அதன் பெருமை. கொப்பன்ஹேகனில் பிரெடெரிக்ஸ்பெயார் அரண்மனைப் பூங்கா முதலில் பிரெஞ்சு முறையில் கோடு கிழித்தாற்போல் அமைந்திருந்தது. 1800ஆம் ஆண்டையொட்டி அதையும் ஆங்கில முறைக்கு மாற்றினார்கள். 1830இல் எட்வின் படிங் என்ற ஆங்கிலேயர் புல்வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். துணி ஆலையில் கம்பளியின் மேல்மயிரைச் சீராக வெட்டும் இயந்திரத்தைப் பார்த்தே அவருக்கு அந்த யோசனை உதித்ததாம். அதன்பின் சீமான் வீட்டுப் புல் வாத்தியார் வீட்டுக்கும் வந்தது.

டேனியக் குடியானவன் வீட்டு வாசலில் புற்றரை இருக்கவில்லை. லியுங்பியில் உள்ள திறந்தவெளி நூதனசாலைக்கும், ஓகூசில் 1914இல் தொடங்கிய 'டென் காம்ல பூ'வுக்கும் பிள்ளைகளைக் கூட்டிச் செல்பவர்கள் கவனித்துப் பாருங்கள். நாற்புறமும் கட்டடம், நடுவில் வயற்கற்கள் பதித்த முற்றம். பார்த்தவுடன் எனக்கு நம்மூர் நாற்சார் வீடு நினைவுக்கு வந்தது. வீட்டோரம் கோவா, லீக்ஸ், மருந்துப் பூண்டுகள், பழமரங்கள். நகரத் தொழிலாளிக்கு நிலம் கிடையாது; அவர்களுக்காக 1884இல் ஓல்போர்க்கில் சிறு தோட்டங்கள் உண்டாக்கினார்கள். இன்றைய 'கொலோனிஹேவ்' அதுதான். அதன் சம்மேளனம் 1908இல் அமைந்தது. அங்கேயும் முதலிடம் கிழங்குக்குத்தான்.

புற்றரை எல்லோர் வாசலுக்கும் வந்தது 1960க்கும் 1979க்கும் இடையில். அந்த இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய நாலரை இலட்சம் தனிவீடுகள் இந்நாட்டில் எழும்பின. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலிச் செடி, ஒரு புற்றரை. இன்னொரு மாற்றமும் சேர்ந்தது. முன்பெல்லாம் புல் விதையோடு வெண்குளோவர் விதையையும் கலந்தே விதைப்பார்கள். அது காற்றிலுள்ள நைதரசனை எடுத்து மண்ணுக்குக் கொடுக்கும். வறட்சியிலும் பச்சையாக நிற்கும். இரண்டாம் உலக யுத்தத்தின் பின் அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லும் மருந்துகள் வந்தன. மருந்து குளோவரையும் கொன்றது. மருந்தைக் குறை சொல்ல மனமில்லாமல் குளோவரைக் களை என்றார்கள். நைதரசன் கொடுத்த செடியைக் கொன்றுவிட்டு, நைதரசனைப் பைகளில் விலைக்கு வாங்கத் தொடங்கினார்கள்.

நாம் வந்து இறங்கியது இதற்குப் பிறகு. 1983 கலவரத்தின் பின் வந்தோம். 1987 தொடக்கம் 1989 வரை நமது குடும்பங்களை இங்கே வரவிடாமல் கோவைகளை முடக்கி வைத்திருந்ததும், அதன் காரணமாக 1993 தையில் ஓர் அரசாங்கமே பதவி விலகியதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிக் காத்திருந்து சேர்ந்த குடும்பங்கள் சொந்த வீடு வாங்கியபோது, அயலவர் ஒரு சொல் சொல்லக்கூடாதென்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. என் தகப்பனார் சனிக்கிழமைதோறும் புல் வெட்டினார். விளிம்புகளைக் கத்தரிக்கோலால் கத்தரித்தார். புல் நாலு விரற்கடை வளர்ந்தால் நம்மைப் பிழையாக நினைப்பார்கள் என்பார். அந்தப் பயத்தைத்தான் நான் 2018இலும் குழாயால் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

நமக்கென்று ஒரு வழக்கம் இல்லாமலா இருந்தது? யாழ்ப்பாணத்தில் முற்றத்தில் புல் முளைத்தால் வீட்டுக்காரிக்கு வெட்கம். விடியற்காலையில் ஈர்க்குமாறு மணலில் கீறும் சத்தத்தில்தான் நான் எழும்புவேன். அம்மம்மா படலையடியிலிருந்து பின்னோக்கிக் கூட்டிக்கொண்டே வருவார். கூட்டி முடிந்ததும் மணலில் வரிவரியாகக் கோடு கிடக்கும். சாணித் தண்ணீர் தெளித்த பின்னர்தான் மற்ற வேலைகள். கலியாணம் என்றால் வண்டியில் வெண்மணல் வந்து இறங்கும். அந்த மணலில் பாம்பு வந்தால் தெரியும். தேள் ஒளிக்க இடமில்லை. நெல், மிளகாய், ஒடியல் எல்லாம் அங்கே பாய் போட்டுக் காயும். மாரியில் எவ்வளவு மழை பெய்தாலும் சிறிது நேரத்தில் மணல் குடித்துவிடும். ஆறில்லாத குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லின் கீழே கிணற்றுக்குப் போகும் வழி அதுதான். கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் போகும். தண்ணீர் கேட்கும் பயிருக்குத் தண்ணீர், கேட்காத முற்றத்துக்கு விளக்குமாறு.

ஒரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் வருடத்துக்குச் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழை. டென்மார்க்கில் சுமார் 750தான். அங்கே பெரும்பகுதி மாரி மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும், வெயிலும் உறிஞ்சிவிடும். இங்கே சிறிது சிறிதாக ஆண்டு முழுவதும் தூறும். அதனால் இது ஈரமான நாடென்று நினைக்கிறோம். ஆனால் குடிதண்ணீர் விஷயத்தில் இரண்டும் ஒன்று. யாழ்ப்பாணத்தானைப் போலவே டேனியனும் நிலத்தடி நீரையே குடிக்கிறான். குழாயில் வருவது ஏறக்குறைய முழுவதும் நிலத்தடி நீர். காற்றூட்டி, மணலில் வடித்து, பெரும்பாலும் குளோரின்கூடக் கலக்காமல் தருகிறார்கள்.

வைத்தியன் என்ற முறையில் எனக்குக் கவலை தருவது இங்கேதான். முற்றங்களிலும் நடைபாதைகளிலும் களை கொல்ல டைகுளோபெனில் என்ற மருந்தை 1960கள் முதல் இந்நாட்டில் தாராளமாகத் தூவினார்கள். அது மண்ணில் சிதைந்து 'பாம்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பொருளாகி நிலத்தடி நீருக்கு இறங்கியது. 1997இல் தடைசெய்தார்கள். தடைக்குப் பின்னும் பல வருடங்கள் கிணறுகளில் அதுவே அதிகம் அகப்பட்டது. எத்தனையோ குடிநீர்க் கிணறுகளை மூடவேண்டி வந்தது. சட்டம் அனுமதிப்பது ஒரு லீற்றருக்கு 0.1 மைக்ரோகிராம் மட்டுமே. அந்த அளவைச் சற்றுத் தாண்டினால் உடனே நோய் வருமென்று நான் பயமுறுத்த மாட்டேன். அது எச்சரிக்கைக்கு வைத்த எல்லை. ஆனால் வீட்டு வாசலில் தூவியது முப்பது வருடத்தின்பின் பேரப்பிள்ளையின் கோப்பையில் தேடப்படுகிறது என்பதை யோசியுங்கள். உரத்து நைத்திரேற்று வேறு. அது மிகுந்த தண்ணீரில் பால்மா கரைத்தால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலுவை இழந்து உடல் நீலம் பாரிக்கும். எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைத்திரேற்று பெரும்பாலும் வயல்களிலிருந்து வருகிறது, வீட்டுத் தோட்டத்தின் பங்கு சிறிது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

புல் வேண்டாமென்று நிலம் முழுவதும் கல் பதித்து மூடுவோரும் நம்மிடையே உண்டு. அது பிழை. 2011 யூலை 2ஆம் திகதி கொப்பன்ஹேகனில் இரண்டு மணி நேரத்துக்குள் சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டி நிலவறைகளெல்லாம் நிரம்பியது மூடிய நிலத்தின் விளைவும்தான். அதன்பின் 2014இல் அங்கே ரோசிங்க பிளாஸ் என்ற சதுக்கத்தின் தாரைப் பெயர்த்து மழைநீர் இறங்கும் தோட்டமாக்கினார்கள். நாமோ ஊரில் காசனுப்பிக் கட்டும் வீடுகளில் மணல் முற்றத்தை மூடி இன்ரலொக் கல் பதிக்கிறோம்.

2018 ஓகஸ்டில் மழை வந்ததும் நான் தண்ணீர் ஊற்றாமல் விட்ட மூலைகூடத் தானாகப் பச்சை பிடித்தது. புல் செத்திருக்கவில்லை, மயக்கத்தில் கிடந்திருக்கிறது. நோயாளி உறங்குகிறாரா இறந்துவிட்டாரா என்று பார்க்காமல் சேலைன் ஏற்றிய வைத்தியன் நான்! அடுத்த வருடம் குழாயைச் சுருட்டி வைத்தேன். பிள்ளைகள் பந்தடிக்கும் அளவு புல்லை விட்டு, அதில் வெண்குளோவர் விதைத்தேன், உரம் போடுவதில்லை. தெற்குப் பக்கம் லியுங்கும் தரையோடு படரும் தைமும் வைத்தேன். பின்பக்கம் உருளைக்கிழங்கும் லீக்சும். ஒரு துண்டை வெட்டாமல் விட்டு, வருடத்தில் இரண்டுமுறை மட்டும் அறுத்து அள்ளிவிடுகிறேன். அள்ளாவிட்டால் மண் கொழுத்துப் பூச்செடிகள் நெருக்குண்டு போகும். அயலவர் என்ன சொல்வார்களோ என்ற பயமும் இப்போது அவ்வளவு இல்லை. 2020இல் அரசாங்கமே இயற்கைக்கு அதிகம் இடம்விடும் நகரசபை எதுவென்று போட்டி வைத்தது. பெரும்பாலான நகரசபைகள் அதில் சேர்ந்தன. தெருவோரப் புல்லையே இப்போது வளரவிடுகிறார்கள்.

வாசலுக்கு முன்னால் ஐந்து மீற்றர் அகலத்துக்குச் சிறு சரளை பரப்பி முற்றமாக்கினேன். அடியில் பிளாஸ்ரிக் விரிக்கவில்லை. களை வந்தால் மண்வாரியால் சுரண்டுவேன். எழுபத்தெட்டு வயதில் அம்மா அதைக் கூட்ட ஒரு ஈர்க்குமாறு கேட்டார். ஊருக்குப் போய் வந்தவரிடம் சொல்லி எடுப்பித்தோம். சரளையில் வரி விழாது என்பது அவருக்குக் குறைதான்.

தைம் இப்போது தேவைக்கு மேல் படர்ந்துவிட்டது. பதியன்கள் வேண்டிய அங்கத்தவர்கள் கோயிலில் காணும்போது சொன்னால் கொண்டுவந்து தருவேன். செப்டெம்பர் நடுப்பகுதிக்கு முன் நட்டுவிடுங்கள். முதல் மாதம் மட்டும் தண்ணீர் வேண்டும்.