சைக்கிளில் பூட்டும் ஜீ.பி.எஸ். கருவி: வழி காட்டும், வழியைப் பதிந்தும் வைக்கும்

"எங்கிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்?"

போர்க்காலக் கொழும்பில் வாழ்ந்த தமிழர்களுக்கு இந்த இரண்டு கேள்விகளும் மனப்பாடம். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்குள் எத்தனை சோதனைச்சாவடிகள், எத்தனை தடவை அடையாள அட்டை, எத்தனை தடவை பொலிஸ் பதிவு என்பதை மறக்காதவர்கள் இன்றும் இந்த நகரில் இருக்கிறார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை உள்ளிட்ட பகுதிகளின் தங்குவிடுதிகளில் இருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவையடுத்து, மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

அதே வெள்ளவத்தையில் இன்று காலை வேளைகளில் மரைன் டிரைவ் வழியாகச் சைக்கிளோட்டிகள் போகிறார்கள். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி, சைக்கிளை மறந்திருந்த பலரை மீண்டும் அதில் ஏற்றியது. சிலரது ஹான்டிலில் தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய கருவி ஒன்று பூட்டப்பட்டிருக்கும். அதுதான் ஜீ.பி.எஸ். சைக்கிள் கொம்பியூட்டர். எங்கிருந்து வந்தீர்கள், எங்கே போகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் யாரும் கேட்காமலேயே அது செக்கனுக்குச் செக்கன் பதில் எழுதிக்கொண்டிருக்கிறது. ஆகவே அதை வாங்க நினைப்பவர்கள் மூன்று விடயங்களைத் தெரிந்திருக்க வேண்டும். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே பிழைவிடும், அது எழுதி வைப்பதை யார் பார்க்கலாம்.

செய்மதியிலிருந்து ஹான்டில் வரை

சைக்கிள் ஓடிய தூரத்தை அளப்பது புதிய ஆசையல்ல. அமெரிக்காவின் கேர்டிஸ் வீடர் 1895இலேயே சில்லின் சுற்றுகளை எண்ணும் சிறு இயந்திரத்தை உருவாக்கினார். பிறகு வந்த இலத்திரனியல் மீற்றர்களும் இதையே செய்தன. சில்லு ஒரு சுற்றுச் சுற்றினால் இவ்வளவு தூரம் என்பது கணக்கு. எவ்வளவு ஓடினீர்கள் என்பது அவற்றுக்குத் தெரியும், எங்கே ஓடினீர்கள் என்பது தெரியாது.

அந்த 'எங்கே' என்பதைச் சேர்த்தது ஜீ.பி.எஸ். இது அமெரிக்க இராணுவம் தன் தேவைக்காக அமைத்த செய்மதித் தொகுதி. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள் தமது நேரத்தையும் இருப்பிடத்தையும் இடைவிடாமல் அறிவிக்கின்றன. சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு செய்மதி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கருவி கணிக்கிறது. குறைந்தது நான்கு செய்மதிகள் வேண்டும். மூன்று இருப்பிடத்துக்கு, நான்காவது கருவியின் கடிகாரத்தைத் திருத்துவதற்கு. ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரம் 300 மீற்றர் தவறிவிடும்.

பொதுமக்களுக்கான சமிக்ஞையை அமெரிக்கா நெடுங்காலம் வேண்டுமென்றே குழப்பியே வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தக் குழப்பம் நீக்கப்பட்டது. நூறு மீற்றர் வரை தவறிக்கொண்டிருந்த கருவிகள் அதன் பிறகே தெருவைத் தெருவாகக் காட்டத் தொடங்கின. இன்றைய கருவிகள் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ செய்மதிகளையும் சேர்த்துப் பயன்படுத்துகின்றன.

சந்தையில் அமெரிக்காவின் கார்மின், வாஹூ, தாய்வானின் பிரைட்டன், சீனாவின் ஐஜிபிஸ்போர்ட், மஜீன் ஆகியவை கிடைக்கின்றன. விலை குறைந்தவை வேகம், தூரம், நேரம், ஓடிய பாதை ஆகியவற்றைப் பதியும். விலை கூடியவை வரைபடம் காட்டி, திரும்ப வேண்டிய சந்தியையும் சொல்லும். இதயத்துடிப்பு, பெடல் சுற்றும் வேகம் ஆகியவற்றை அறிய வேண்டுமானால் தனி உணரிகளை இணைக்க வேண்டும்.

கொழும்பில் எங்கே பிழைவிடும்?

கருவி வாங்கியவர்களின் முதல் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். "நான் போன தெரு வேறு, இது காட்டுகிற கோடு வேறு." உயர்ந்த கட்டடங்களுக்கு அருகில் செய்மதிச் சமிக்ஞை நேராக வராமல் சுவரில் பட்டுத் தெறித்து வரும். தெறித்த சமிக்ஞை கூடுதல் தூரம் பயணித்திருப்பதால் கருவி உங்களை வேறோர் இடத்தில் வைத்துவிடும். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் வெள்ளவத்தையிலும், ஒழுங்கைகள் ஒடுங்கிய கொட்டாஞ்சேனையிலும் இதை எதிர்பார்க்கலாம். மரைன் டிரைவில் ஓடியவர் கடலுக்குள் ஓடியதாகக் கோடு விழுந்தால் கருவி பழுது என்று நினைக்க வேண்டாம். இரண்டு அலைவரிசைகளைப் பயன்படுத்தும் புதிய கருவிகளில் இந்தப் பிழை குறைவு.

இதைக் குறைக்க எளிய வழி ஒன்று உண்டு. வீட்டுக்குள்ளோ மாடிக்குக் கீழோ கருவியை இயக்கியவுடன் புறப்படாதீர்கள். வானம் தெரியும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று, அது செய்மதிகளைப் பிடித்த பிறகு பதிவைத் தொடங்குங்கள். செக்கனுக்கு ஒரு தடவை பதியும் தெரிவு இருந்தால் அதை வையுங்கள். இடைவிட்டுப் பதிந்தால் வளைவுகள் வெட்டுப்பட்டு, தூரம் குறைவாகக் காட்டும்.

வேகமும் தூரமும் சரியாக வேண்டுமானால் சில்லில் பூட்டும் வேக உணரி நல்லது. அதற்குச் சில்லின் சுற்றளவைக் கொடுக்க வேண்டும். நம்மூர் 28 அங்குலச் சைக்கிளுக்கு அது ஏறத்தாழ 2.2 மீற்றர், மெல்லிய ரயர் கொண்ட பந்தயச் சைக்கிளுக்கு ஏறத்தாழ 2.1 மீற்றர். ரயரில் சோக்கால் ஒரு கோடு கீறி, நீங்கள் ஏறி அமர்ந்த நிலையில் சில்லை ஒரு சுற்று உருட்டி நிலத்தில் அளந்தால் துல்லியமான அளவு கிடைக்கும். இதில் நூற்றுக்கு ஒன்று பிழைத்தால் நூறு கிலோமீற்றரில் ஒரு கிலோமீற்றர் பிழைக்கும்.

உயரக் கணக்கைக் கொழும்பில் பெரிதாக நம்ப வேண்டாம். காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கும் கருவிகளே அதிகம். மழை இருட்டி அழுத்தம் மாறினாலோ, உணரியின் சிறு துளையில் நீர் அடைத்தாலோ, சமதரையான காலி வீதியிலும் மலை ஏறியதாகக் கணக்கு வரும்.

மழை, வெயில், பற்றரி

தொடுதிரையா, பொத்தானா என்பது வாங்கும்போது சிறிய விடயமாகத் தெரியும். வியர்வை வழியும் விரலும் மழைத்துளி விழும் திரையும் சேர்ந்தால் தொடுதிரை சொல்வழி கேட்காது. நம் காலநிலைக்குப் பொத்தான் உள்ள கருவியே வசதி. கையடக்கத் தொலைபேசியிலும் இந்த வேலைகளில் பலவற்றைச் செய்யலாம். ஆனால் திரையை எரியவிட்டால் பற்றரி சில மணித்தியாலங்களில் இறங்கிவிடும், வெயிலில் திரையும் தெரியாது. தனிக் கருவிகள் பல 15 மணித்தியாலத்துக்கும் மேல் தாங்கும். எப்போதாவது ஓடுபவருக்குத் தொலைபேசியே போதும்.

பற்றரிக்குத் தடையிருந்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்களுக்கு ஒரு தகவல். நெடுந்தூரச் சைக்கிளோட்டிகள் இன்றும் முன்சில்லின் டைனமோவைக் கொண்டு இத்தகைய கருவிகளைச் சார்ஜ் செய்கிறார்கள்.

வடக்குக்குப் போகிறவர்கள் கவனிக்க

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 2006 ஓகஸ்டில் மூடப்பட்ட ஏ9 பாதை, போர் முடிந்த பிறகே மக்களுக்குத் திறந்தது. இன்று அதில் சைக்கிளில் போக முடிகிறது. போகிறவர்கள் வரைபடத்தை முன்கூட்டியே கருவியில் இறக்கிக்கொள்வது நல்லது.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். பல கருவிகளின் வரைபடம், தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன் ஸ்ட்ரீட் மப்பிலிருந்து வருகிறது. செய்மதிப் படத்தில் தெரியும் பற்றைக்காட்டுப் பாதையையும் யாரோ அதில் வரைந்திருக்கலாம். அந்த நிலத்தில் மிதிவெடி அகற்றப்பட்டதா என்பது கருவிக்குத் தெரியாது. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இணைந்தது. அதன்படி அகற்றி முடிக்க வேண்டிய காலக்கெடு 2028 ஜூன். முகமாலை போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்காக மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறி வேலை நடந்ததை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். மண்டையோட்டுச் சின்னமுள்ள சிவப்புப் பலகையோ நாடாவோ கண்டால், திரை எந்தக் குறுக்குவழியைக் காட்டினாலும் திரும்பிவிடுங்கள். அறியாத பாதையில் இறங்குமுன் ஊரவரிடம் கேளுங்கள்.

பதிவு யார் கையில்?

ஓடிய பாதை முதலில் கருவியின் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். தொலைபேசியுடன் இணைத்த பிறகே அது தயாரிப்பாளரின் சேவையகத்துக்கும், அங்கிருந்து ஸ்ட்ராவா போன்ற செயலிகளுக்கும் போகிறது. அங்கு தெரிவுகளை மாற்றாவிட்டால், உங்கள் வீட்டு வாசலிலிருந்து தொடங்கும் கோட்டை முன்பின் அறியாதவரும் பார்க்கக்கூடும்.

இதன் விளைவை உலகம் 2018 ஜனவரியில் கண்டது. ஸ்ட்ராவா அதற்கு முந்தைய நவம்பரில் தன் பயனர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் சேர்த்து ஓர் உலக வரைபடம் வெளியிட்டிருந்தது. அதில் பெயர்கள் எதுவும் இல்லை. ஆனால் சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் இருண்ட பாலைவனத்தின் நடுவே, படைமுகாம்களுக்குள் சிப்பாய்கள் உடற்பயிற்சிக்கு ஓடிய பாதைகள் ஒளிர்ந்தன. அதைச் சுட்டிக்காட்டியவர் நேதன் ரூசர் என்ற அவுஸ்திரேலிய மாணவர். பெரும் இராணுவங்களே கவனிக்காமல் விட்டதைச் சாதாரணச் சைக்கிளோட்டி கவனிக்காமல் விடுவதில் வியப்பில்லை.

நமக்கு இது பாலைவனத்துக் கதையல்ல. ஒரு தனி ஓட்டம் பெரிதாக எதையும் சொல்லாது. மூன்று மாத ஓட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் வீடு எது, வேலைத்தலம் எது, எந்தக் கிழமை எந்த வீட்டுக்குப் போகிறீர்கள், எப்போது வீட்டில் இல்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். சைக்கிள் திருடனுக்கு அது உதவும். ஊடகவியலாளர்கள், செயற்பாட்டாளர்கள், காணாமல் ஆக்கப்பட்டோருக்காகக் குரல் கொடுப்போர் ஆகியோருக்கு ஆபத்து அதைவிடப் பெரியது. அவர்கள் சந்திப்பவர்களின் வீடுகளும் அந்தக் கோட்டின் மறுமுனையில் இருக்கின்றன. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பிடத் தரவையும் ஒருவரை அடையாளம் காட்டும் தகவலாகவே கொள்கிறது. ஆனால் நாமே பகிரங்கமாகப் போட்டதைச் சட்டம் வந்து மறைக்காது.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. கணக்கைத் திறந்ததும் 'நான் மட்டும்' அல்லது 'பின்தொடர்வோர் மட்டும்' என்ற தெரிவை வையுங்கள். தொடங்கும், முடியும் இடங்களை மறைக்கும் வசதியை இயக்குங்கள். ஸ்ட்ராவாவில் ஒரு முகவரியைச் சுற்றி 1,600 மீற்றர் வரை மறைக்கலாம். மறைத்த வட்டத்தின் நடுவில் வீடு எங்கே என்று ஊகிக்க முடியும் என 2018இல் ஆய்வாளர்கள் காட்டியிருப்பதால், வட்டத்தைப் பெரிதாக வைப்பதோடு, தெருமுனையைத் தாண்டிய பிறகு பதிவைத் தொடங்குவது இன்னும் நல்லது. மொத்த வரைபடத்தில் உங்கள் தரவைச் சேர்க்கும் தெரிவை நிறுத்துங்கள். கருவியில் அழித்தால் சேவையகத்தில் அழிந்துவிடாது, அங்கும் தனியே அழிக்க வேண்டும்.

எதையும் இணையத்தில் ஏற்றாமலேயே இக்கருவியைப் பயன்படுத்தலாம். 2020 ஜூலையில் கார்மின் நிறுவனம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி அதன் சேவைகள் பல நாட்கள் முடங்கின. அப்போதும் ஓட்டங்கள் கருவிக்குள் பத்திரமாக இருந்தன. வயர் மூலம் வீட்டுக் கணினிக்குக் கோப்பை மாற்றிக்கொள்ள முடிந்தது. அதே வழி எப்போதும் திறந்திருக்கிறது.

வீட்டில் காத்திருப்பவர்களுக்காக

இருப்பிடத்தைப் பகிர்வதே தவறு என்பதில்லை. பல கருவிகள் தொலைபேசியின் உதவியோடு உங்கள் ஓட்டத்தை நேரலையாக வீட்டாருக்குக் காட்டும். விழுந்துவிட்டால் செய்தி அனுப்பும் வசதியும் சிலவற்றில் உண்டு. போனவர் திரும்பி வராத வீடுகள் நிறைந்த சமூகம் இது. காலையில் சைக்கிளோடு புறப்பட்ட பிள்ளை காலிமுகத்திடலைத் தாண்டிவிட்டதா என்று தொலைபேசியில் பார்த்து ஆறுதலடையும் அம்மாவுக்கு அந்த வசதி விளையாட்டுப் பொருளல்ல. அந்த இணைப்பை அனுப்புங்கள். அவருக்கு மட்டும் அனுப்புங்கள். ஓட்டம் முடிந்ததும் பகிர்வை நிறுத்திவிட்டீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.