ஏட்டில் ஏறாத 21 காயங்கள்

ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர் உள்ள வீட்டில் டிஸ்சார்ஜ் புத்தகம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். டிரங்குப் பெட்டிக்குள், வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துக் கட்டி வைத்திருப்பார்கள். பென்ஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அதைத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எந்த ஆபீசிலும் முதலில் பார்ப்பது ஆளை அல்ல, அந்தப் புத்தகத்தைத்தான்.

சென்ற வாரம் 369ஆம் ரெஜிமென்ட்டைப் பார்த்தோம். கறுப்பினத்தவர் என்பதால் சொந்த நாட்டு ராணுவம் தன்னோடு சேர்த்துக்கொள்ளத் தயங்கி, முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்துவிட்ட அமெரிக்க ரெஜிமென்ட் அது. அதில் ஒரு சிப்பாய் ஒரே இரவில் 21 காயங்கள் பட்டார். அவர் ஊர் திரும்பியபோது கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் அவற்றில் ஒன்றுகூட ஏறவில்லை. இந்த வாரம் அவர் கதை.

ஹென்றி ஜான்சன் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் பிறந்தவர். பிறந்த தேதியை ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு விதமாகச் சொல்லியிருக்கிறார். ஏழைக் குடும்பங்களில் இது புதிதில்லை. இளம் வயதிலேயே நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனிக்குப் போய், அங்கே யூனியன் ஸ்டேஷனில் சிவப்புத் தொப்பி அணிந்த போர்ட்டராக மூட்டை தூக்கினார். உயரம் ஐந்தடி நாலங்குலம். எடை 130 பவுண்டு, நம் கணக்கில் அறுபது கிலோகூட இல்லை. 1917 ஜூன் 5 அன்று நியூயார்க் தேசியக் காவல்படையின் 15ஆம் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். அந்த 15தான் பிறகு 369 ஆனது.

1918 மே 15, விடிவதற்கு இன்னும் சில மணி நேரம். பிரான்சில் ஆர்கோன் காட்டை ஒட்டிய முன்வரிசைக் காவல் நிலையில் ஜான்சனும் நியூ ஜெர்சிக்காரரான நீடம் ராபர்ட்ஸும் இருந்தார்கள். இருட்டில் முள்கம்பி வெட்டும் சத்தம் கேட்டது. ஜெர்மன் திடீர்த் தாக்குதல் குழு. குறைந்தது 12 பேர் என்கிறது பின்னாளைய அரசு ஆவணம். இருபதுக்கும் மேல் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. தொடக்கத்திலேயே ராபர்ட்ஸ் படுகாயப்பட்டு விழுந்தார். எழுந்து நிற்க முடியாதபோதும் கையெறி குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜான்சனிடம் நீட்டிக்கொண்டிருந்தார். குண்டுகள் தீர்ந்ததும் ஜான்சன் துப்பாக்கியை எடுத்தார். அது பிரெஞ்சுத் துப்பாக்கி. பதற்றத்தில் அமெரிக்கத் தோட்டாக்களை அதில் திணித்துவிட, துப்பாக்கி இறுகிக்கொண்டது. தன் நாடு கைவிட்டு வேற்று நாட்டுப் படையில் சேர்த்ததன் விளைவு அந்த இரும்புக்குள் எப்படி வந்து சிக்கியது பாருங்கள்!

துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் அடித்தார். கட்டை உடைந்தது. அதற்குள் ராபர்ட்ஸைக் கைதியாகத் தூக்கிப் போகத் தொடங்கியிருந்தார்கள். ஜான்சன் இடுப்பில் இருந்த கனமான போலோ கத்தியை உருவிக்கொண்டு அவர்கள் மேல் பாய்ந்தார். சுடப்பட்டார், குத்தப்பட்டார், ஆனாலும் நண்பரை விடவில்லை. எதிரிகள் பின்வாங்கிய பிறகுதான் மயங்கி விழுந்தார். இடது பாதத்து எலும்புகள் நொறுங்கியிருந்தன.

பிரான்ஸ் காத்திருக்கவில்லை. இருவருக்கும் ‘குருவா த கேர்’ என்ற போர்ச் சிலுவைப் பதக்கத்தை அளித்தது. ஜான்சனின் பதக்கத்தில் தங்கப் பனையோலைச் சின்னமும் இருந்தது. 1919 பிப்ரவரி 17 அன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் ரெஜிமென்ட் அணிவகுத்தபோது, நடக்க முடியாத ஜான்சன் திறந்த காரில் நின்றபடி வந்தார். கூட்டம் அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. ராணுவம் ஆள் சேர்க்கவும் சேமிப்பு வில்லைகள் விற்கவும் அவர் படத்தைப் பயன்படுத்திக்கொண்டது. விளம்பரத்துக்குப் பயன்பட்ட அந்த வீரத்துக்கு அமெரிக்க அரசு ஒரு பதக்கமும் தரவில்லை.

அடுத்த மாதம் செயின்ட் லூயிஸ் நகரில் பேச அழைத்தார்கள். போர்முனையில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தோம் என்று சொல்வார் என எதிர்பார்த்திருக்கலாம். வெள்ளைச் சிப்பாய்கள் கறுப்பினத்தவரை நடத்திய விதத்தை அவர் அந்த மேடையிலேயே போட்டு உடைத்தார். அதோடு மேடைகள் மூடிக்கொண்டன. மூட்டை தூக்கும் தொழிலுக்குத் திரும்பலாம் என்றால் கால் ஒத்துழைக்கவில்லை. காயம்பட்டதற்குச் சான்று கேட்டால் டிஸ்சார்ஜ் தாள் மௌனமாக இருந்தது. மனைவியைப் பிரிந்தார். 1929 ஜூலை 1 அன்று இறந்தபோது வயது நாற்பதைத் தொட்டிருக்காது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஜான்சனைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர், தாளில் காயம் இல்லாததால்தான் அவருக்கு அப்போது ‘பர்ப்பிள் ஹார்ட்’ மறுக்கப்பட்டது என்று எழுதிவிடுகிறார்கள். போரில் காயம்பட்டவர்களுக்கான அந்தப் பதக்கம் இன்றைய வடிவில் வந்ததே 1932இல்தான். அவர் இறந்து மூன்று ஆண்டு கழித்து. கடைசி வரை சல்லிக்காசு உதவியும் கிடைக்காமல் செத்தார் என்பதும் சரியில்லை. காசநோய்க்காக 1927இல் அவரை முழு ஊனமுற்றவராக ஏற்று மாத உதவி வழங்கிய பதிவுகள் பின்னர் வெளிவந்தன. ஒரு மனிதருக்கு அரசு ஏடு செய்த அநியாயத்தைச் சொல்ல வரும் நாம், நம் பங்குக்கு இன்னொரு தவறான ஏட்டை எழுதிவிடக் கூடாது. உண்மையாக நடந்ததே போதும், நெஞ்சு கனக்கிறது.

முதல் உலகப் போரில் சண்டையிட்ட கறுப்பினச் சிப்பாய் ஒருவருக்குக்கூட அந்தக் காலத்தில் ‘மெடல் ஆஃப் ஹானர்’ கிடைக்கவில்லை. நம் பரம் வீர் சக்ராவுக்கு இணையானது அது. 371ஆம் ரெஜிமென்ட்டின் கார்ப்பரல் ஃப்ரெடி ஸ்டவர்ஸ், 1918 செப்டம்பர் 28 அன்று 188ஆம் குன்றில் தன் ஆட்களை முன்னடத்திச் சென்று உயிர்விட்டவர். அவருக்குப் பதக்கம் தரலாம் என்று பரிந்துரை எழுதியாயிற்று. அந்தத் தாள் நகரவே இல்லை. 1990இல் பழைய கோப்புகளைப் புரட்டியபோதுதான் அது வெளியே வந்தது. 1991இல் வெள்ளை மாளிகையில் பதக்கத்தை வாங்கிக்கொண்டவர்கள் அவருடைய வயதான சகோதரிகள்.

ஏட்டைத் திருத்த வழி இல்லாமல் இல்லை. ராணுவப் பதிவைத் திருத்தும் வாரியங்களுக்கு 1946ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. பிழை தெரிய வந்த மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். நியாயம் கோரினால் வாரியம் அந்தக் கெடுவைத் தளர்த்தலாம். திருத்தப்பட வேண்டியவை எல்லாம் பெரிய வீரக் கதைகளும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் காலாட்படைப் போர்ச் சின்னம் பெற்ற ஒவ்வொருவரும் ‘பிரான்ஸ் ஸ்டார்’ என்ற வெண்கல நட்சத்திரப் பதக்கத்துக்கு உரியவர் என்று 1947இல் முடிவாயிற்று. அதற்குள் முக்கால்வாசிப் பேர் டிஸ்சார்ஜ் தாளோடு வீட்டுக்குப் போய், வயலையும் பட்டறையையும் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். உரிமை இருப்பதே தெரியாமல் முதுமையடைந்தவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் திருத்துவதற்கு ஆதாரம் வேண்டும். 1973 ஜூலை 12 அன்று ராணுவப் பணிக் கோப்புகளின் தேசிய மையத்தின் ஆறாம் மாடியில் தீப்பிடித்தது. இதுவும் செயின்ட் லூயிஸ் பகுதியில்தான். கோப்புகள் இருந்த தளங்களில் தானாக நீர் தெளிக்கும் வசதி இல்லை. 1.6 கோடி முதல் 1.8 கோடி வரை கோப்புகள் அழிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையில் ராணுவத்தில் இருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது போயிற்று. நகல் கிடையாது. நனைந்து ஊறிய மிச்சத்தைப் பால் பாக்கெட் சுமக்கும் பிளாஸ்டிக் கிரேட்டுகளில் அடுக்கி, விண்கலச் சோதனைக்காகக் கட்டிய வெற்றிடக் கூடத்தில் வைத்து உலர்த்தினார்கள். ஓரம் கருகிய அந்தத் தாள்களை இன்றைக்கும் கையுறை போட்டு ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். சம்பளப் பட்டுவாடாச் சீட்டு, படைப்பிரிவின் அன்றாட வருகைக் குறிப்பு, ஆஸ்பத்திரிப் பதிவு என்று வேறு எங்காவது ஒரு வரி அகப்பட்டால் அதை வைத்து ஒரு மனிதரின் பணிக்காலத்தை மறுபடி கட்டுகிறார்கள். பழுது பார்க்கும் இந்த வேலையைச் செய்கிறவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

ஜான்சனுக்காக முதலில் அலைந்தவர்கள் ஆல்பனியின் முன்னாள் படைவீரர்கள். அவர்களோடு நின்றவர் ஹெர்மன் ஜான்சன். இரண்டாம் உலகப் போரின் புகழ்பெற்ற டஸ்கீகி விமானப் படையினரில் ஒருவர். ஹென்றி ஜான்சனே தன் தந்தை என்று நம்பி வாழ்ந்தவர். 1996இல் பர்ப்பிள் ஹார்ட் வந்தது. 2002இல் இரண்டாவது உயரிய பதக்கமான ‘டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ்’ வந்தது. ஹென்றியை ஆல்பனியில் எங்கோ அநாதைக் குழியில் புதைத்திருப்பார்கள் என்றே ஹெர்மனின் குடும்பம் நினைத்திருந்தது. அந்த நாட்களில்தான் நியூயார்க் மாநில வரலாற்று ஆய்வாளர்கள், அவர் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையின் 25ஆம் பிரிவில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். முதிய வயதில் ஹெர்மன் அந்தக் கல்லின் முன் போய் நின்றார். 2004இல் காலமானார்.

மெடல் ஆஃப் ஹானர் மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது. சண்டை நடந்த காலத்திலேயே மேலதிகாரி எழுதிய சான்று எங்கே என்று ராணுவம் கேட்டது. செனட்டர் சக் ஷூமரின் அலுவலகத்தில் இருந்தவர்கள் தேடினார்கள். அமெரிக்கப் படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் பெர்ஷிங், சண்டை முடிந்த சில நாட்களிலேயே ஜான்சன், ராபர்ட்ஸ் இருவரின் வீரத்தையும் குறித்து அனுப்பிய செய்தி கிடைத்தது. தொண்ணூறு ஆண்டுக்கும் மேலாக அது பழைய ஆவணங்களுக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது, கேட்பாரற்று. 1,300 பக்கங்களை நெருங்கும் மனு 2011இல் ராணுவத்திடம் போனது. காலக்கெடுவைத் தளர்த்த நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

2015 ஜூன் 2. வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஒபாமா பதக்கத்தை வழங்கினார். வாங்கிக்கொள்ள உறவினர் யாரும் இல்லை. அதற்குச் சற்று முன்பு, வாரிசைத் தேடி ராணுவம் வம்சாவளிப் பதிவுகளைப் புரட்டியது. ஹெர்மனுக்கும் ஜான்சனுக்கும் ரத்த உறவு இருந்ததாகக் காட்டும் தாள் ஒன்றும் அகப்படவில்லை. ஜான்சனுக்காகப் பல ஆண்டு வாதாடிய அந்தக் குடும்பத்துக்கு அதைச் சொல்ல வேண்டிய நிலை வந்தது. எழுதும்போதே எனக்குக் கை தயங்குகிறது. கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

பதக்கத்தை நியூயார்க் தேசியக் காவல்படையின் மூத்த சார்ஜன்ட் மேஜர் லூயிஸ் வில்சன் பெற்றுக்கொண்டார். தொண்ணூற்றெட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஆல்பனி ஸ்டேஷன் போர்ட்டர் ஒருவர் தன் பெயரைப் பதிந்தது அதே காவல்படையில்தான்.

(தொடரும்)